கருத்துப்படத்தில் வாக்களிக்காதவர் எங்கே இருக்கிறார்? வகுப்பில் நடத்தியவர்களின் அனுபவம் கேட்கிறேன்

சுண்ணக்கட்டி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்துகிறேன். அடுத்து வரும் பாடம் வாக்களிப்பதில் மக்களுக்கு இருக்கும் அக்கறையின்மை. புத்தகத்தில் இருப்பது ஒன்றரைப் பக்கம். அதை வாசித்துக் காட்டிவிட்டுப் போக மனமில்லாமல், கருத்துப்படங்களை வைத்து நடத்தலாம் என்று போன வாரம் ஒரு பீரியட் முயன்று பார்த்தேன். அது கோணலாகப் போய்விட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். பழக்கமான வகைப் படம் ஒன்றை நானே கரும்பலகையில் வரைந்தேன். சோஃபாவில் ஒருவர் படுத்திருக்கிறார், கையில் ரிமோட். ஜன்னலுக்கு வெளியே வாக்குப்பெட்டி, அதன்மேல் சிலந்தி வலை. பிள்ளைகள் சிரித்தார்கள். "இந்தப் படம் என்ன சொல்கிறது, ஒரு வரியில் எழுதுங்கள்" என்றேன். இரண்டு நிமிடத்தில் நாற்பது தாள்களும் வந்துவிட்டன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே சொல்: சோம்பேறி.

ஒரு தாள் மட்டும் வெற்றாக இருந்தது. கடைசி பெஞ்ச் மாணவி. ஏனம்மா எழுதவில்லை என்று கேட்டேன். "எங்கள் அம்மா போன தேர்தலில் வாக்களிக்கவில்லை. அவர் சோம்பேறி இல்லை" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த வாக்கியம் என் காதிலேயே இருக்கிறது. இந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தப் போகிறேன். எந்தப் படங்களைக் காட்டலாம், எந்த வரிசையில், என்ன கேள்வி கேட்டு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

நான்காவது வரிசை

அந்தப் பெண் சொன்னதுதான் உங்கள் பாடம். சோஃபாவை அழித்துவிட்டு அவள் வாக்கியத்தைப் பலகையில் எழுதித் தொடங்குங்கள்.

---

கோட்டோவியன்

இருபது ஆண்டுகளாகக் கருத்துப்படம் வரைகிறேன். சோஃபா ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று தொழில்பக்கம் இருந்து சொல்கிறேன்.

பத்திரிகையைப் புரட்டுகிறவர் ஒரு படத்தின்மேல் சில நொடிகள்தான் நிற்பார். அதற்குள் யார் குற்றவாளி என்று அவருக்குத் தெரிந்துவிட வேண்டும். ஊழல்வாதியை வரைவது எளிது. தொந்தி, பணமூட்டை, சுருட்டு போதும். வாக்களிக்காதவரை வரைவது கடினம். அவர் செய்தது எதுவும் இல்லை, வராமல் இருந்தார், அவ்வளவுதான். வராததை எப்படி வரைவது? அந்தத் திணறலில்தான் நாங்கள் ஒரு படுத்த உடம்பை வரைந்துவிடுகிறோம். படித்தவுடன் புரிகிறது, ஆனால் வாக்குச்சாவடிக்கு வராத ஆயிரம் பேரில் அது யாருடைய முகம் என்று நாங்கள் விசாரிப்பதில்லை.

இதற்கு மாற்றாக ஒரு படம் சொல்கிறேன். அமெரிக்கக் கருத்துப்பட ஓவியர் தாமஸ் நாஸ்ட் 1871 அக்டோபர் 7 அன்று ஹார்ப்பர்ஸ் வீக்லி என்ற வார இதழில் வெளியிட்டது. நியூயார்க் நகர அரசியலைக் கைக்குள் வைத்திருந்த வில்லியம் ட்வீட், ஒரு வாக்குப்பெட்டிமேல் முழங்கையை ஊன்றிச் சாவகாசமாகச் சாய்ந்து நிற்கிறார். "எண்ணுவதில்தான் வலிமை" என்று பொருள்படும் வாசகம் பெட்டியில் எழுதியிருக்கிறது. வாக்குகளை எண்ணுவது நானாக இருக்கும்வரை நீங்கள் என்ன செய்துவிடுவீர்கள் என்று அவர் கேட்பதுபோல் கீழே ஒரு வரி.

இந்தப் படத்தை மாட்டிவிட்டு, "வாக்களிக்காதவர் இதில் எங்கே?" என்று கேளுங்கள். பிள்ளைகள் தேடுவார்கள். இருக்கமாட்டார். யாரைப் பார்த்து ட்வீட் அந்தக் கேள்வியைக் கேட்கிறாரோ அவர்தான். படத்துக்கு வெளியே, பத்திரிகையைக் கையில் பிடித்திருப்பவர். "போட்டு என்ன ஆகப் போகிறது" என்ற சலிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை நாஸ்ட் அந்த முழங்கையில் வைத்துவிட்டார்.

பின்கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நவம்பர் தேர்தலில் ட்வீட் கூட்டத்தார் பலர் தோற்றார்கள். ட்வீட் மட்டும் தன் மாநில செனட் இடத்தில் வென்றுவிட்டார். ஒரு படம் ஊரைத் திருத்திவிட்டது என்று கதை கட்ட வேண்டாம். பிள்ளைகள் பின்னால் உண்மையைப் படிக்கும்போது நம்மை நம்பமாட்டார்கள்.

---

வரலாற்றுப் பிரியை

கோட்டோவியன் சொன்ன அதே பத்திரிகையிலிருந்து இரண்டு படங்களை நான் ஜோடியாகக் காட்டுவது வழக்கம். கடந்த ஆறு ஆண்டுகளில் இந்த ஜோடி ஒருமுறைகூட வீணாகப் போனதில்லை.

முதலாவது, 1867 நவம்பர் 16 இதழின் அட்டை. ஆல்ஃபிரட் வாட் வரைந்த "முதல் வாக்கு". அடிமைமுறை ஒழிந்து இரண்டே ஆண்டுகள் ஆன நேரம். கறுப்பின ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர் ஒரு கைவினைஞர். சட்டைப் பையில் கருவிகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. அவருக்குப் பின்னால் நன்றாக உடுத்திய நகரவாசி. அதற்கும் பின்னால் ராணுவச் சீருடையில் ஒருவர். இது கேலிப்படம் இல்லை, செய்திச் சித்திரம். பரவாயில்லை, காட்டலாம். ஐந்து நிமிடம் யாரையும் பேசவிடாமல் பார்க்க வையுங்கள். அந்தக் கருவிகளை யாராவது ஒருவர் கவனிப்பார். "வேலைக்கு நடுவில் வந்திருக்கிறார் போல" என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் ஐந்து நிமிடம்.

இரண்டாவது, 1876 அக்டோபர் 21. வரைந்தவர் ஏ. பி. ஃப்ராஸ்ட். வாக்களிக்கப் போகும் ஒரு கறுப்பினத்தவர் நடுவில். இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளையர்கள், அவர் தலைக்கு நேராகத் துப்பாக்கி. இவருக்கு எங்கள் கட்சிக்கு வாக்களிக்கத்தான் விருப்பம் என்ற பொருளில் தலைப்பு.

இரண்டுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். முதல் படத்தின் வரிசையில் நின்றவர்கள் இரண்டாவது படத்துக்கு அடுத்த தேர்தலில் வந்திருப்பார்களா என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். அதன்பிறகுதான் எண்களைப் பலகையில் எழுதுவேன். எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்று தடைக்குமேல் தடை போட்ட மிசிசிப்பி மாநிலத்தில், 1965-க்கு முன் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் வாக்காளராகப் பதிவு செய்திருந்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967-இல் அது ஏறத்தாழ 60 சதவீதம்.

இரண்டே ஆண்டுகளில் 7 எப்படி 60 ஆனது? அத்தனை பேருக்கும் திடீரென்று அக்கறை பிறந்துவிட்டதா? இந்தக் கேள்விக்குமேல் நான் எதுவும் சொல்வதில்லை. 1964-இல் ஒருவர் அந்த 7 சதவீதத்தைப் பார்த்து, "இவர்களுக்கு அரசியலில் ஆர்வமில்லை" என்று ஒரு கருத்துப்படம் வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

---

எண்கணக்கன்

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வெட்கப்படுத்துவது வேலை செய்கிறது. இதற்குச் சோதனையே இருக்கிறது.

2006-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தொடக்கநிலைத் தேர்தலுக்கு முன் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அங்கே யாருக்கு வாக்களித்தோம் என்பதுதான் ரகசியம். வாக்களித்தோமா என்பது பொதுப் பதிவேட்டில் இருக்கும். ஒரு வகைக் கடிதத்தில் அந்த வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தார்களா என்று பெயரோடு அச்சிட்டு, தேர்தலுக்குப் பிறகு புதிய பட்டியல் வரும் என்றும் எழுதியிருந்தார்கள். கடிதமே போகாதவர்களில் 29.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். இந்தக் கடிதம் பெற்றவர்களில் 37.8 சதவீதம். ஒரு தாள் அஞ்சலுக்கு இது மிகப் பெரிய வித்தியாசம்.

ஆக சோஃபா படம் தவறு என்று ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். வெட்கம் ஒரு விசை. அது மனிதர்களை அசைக்கிறது.

---

சுண்ணக்கட்டி

எண்கணக்கன் ஐயா, நன்றி. நான் சங்கடப்பட்டுக்கொண்டே ஒப்புக்கொள்ள வேண்டிய தகவல். ஆனால் எனக்கு ஒரு வேறுபாடு தோன்றுகிறது. அந்தக் கடிதம் வாக்குரிமை உள்ள, ஏற்கனவே பட்டியலில் இருக்கிற ஒருவரின் வீட்டுக்குப் போனது. நான் பேசுவது இன்னும் வாக்குரிமை வராத பதினாறு வயதுப் பிள்ளையிடம். அவளை வெட்கப்படுத்தினால் அவள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. தன் வீட்டாரை நினைத்துத் தலைகுனிவதைத் தவிர. கடைசி பெஞ்சில் நடந்தது அதுதான்.

---

எண்கணக்கன்

ஏற்றுக்கொள்கிறேன். இதை நான் யோசிக்கவில்லை. அதற்கு ஈடாக உங்களுக்குப் பயன்படும் இன்னொன்றைத் தருகிறேன்.

கெர்பரும் டாட் ரோஜர்ஸும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நியூஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் தேர்தலுக்கு முன் வாக்காளர்களைத் தொலைபேசியில் அழைத்து, சிலரிடம் "இந்தமுறை நிறையப் பேர் வாக்களிக்கப் போகிறார்கள்" என்ற தொனியிலும், சிலரிடம் "வாக்களிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்" என்ற தொனியிலும் பேசினார்கள். இரண்டுமே உண்மையான எண்களை வைத்துத்தான். வாக்களிக்கும் எண்ணம் எதைக் கேட்டவர்களிடம் கூடியது? நிறையப் பேர் வருகிறார்கள் என்று கேட்டவர்களிடம். எப்போதாவது வாக்களிப்பவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது.

இதைக் கருத்துப்படத்துக்குப் பொருத்திப் பாருங்கள். சிலந்தி வலை பிடித்த வாக்குப்பெட்டி, ஈயாடும் வாக்குச்சாவடி, தூங்கும் அலுவலர். இப்படி ஒரு டஜன் படங்களை வரிசையாகக் காட்டினால் பிள்ளை மனதில் பதிவது என்ன? யாரும் போவதில்லை, அதுதான் வழக்கம் என்பதுதான். கண்டிக்க வரைந்த படமே பழக்கப்படுத்திவிடும்.

---

கோட்டோவியன்

இது என் நெஞ்சில் தைக்கிறது. ஈயாடும் வாக்குச்சாவடியை நான் எத்தனை முறை வரைந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒன்று.

---

புதிய வாக்காளர்

நான் ஆசிரியர் இல்லை. வயது பத்தொன்பது. பட்டியலில் பெயர் இருக்கிறது, இன்னும் வாக்களித்ததில்லை. உள்ளே வந்து ஒன்று சொல்லலாமா?

பள்ளியில் எங்களுக்கும் இந்தப் பாடம் நடந்தது. கருத்துப்படமும் காட்டினார்கள். கடைசியில் "உன் ஒரு வாக்கு நாட்டின் தலையெழுத்தை மாற்றும்" என்று எழுதிப் போடச் சொன்னார்கள். நான் கணக்கு நன்றாகப் போடுவேன். பத்து லட்சம் பேர் வாக்களிக்கும் தொகுதியில் என் ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அன்று கையைத் தூக்கிக் கேட்டேன். ஆசிரியர் கோபப்பட்டார், பதில் சொல்லவில்லை. என் அக்கறை குறைந்தது சோம்பலால் இல்லை, அந்தப் பதில் வராததால். உங்கள் வகுப்பில் என்னைப் போல் ஒருவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

---

நான்காவது வரிசை

தம்பி, ஒரு வாக்கில் தோற்றவர்கள் இருக்கிறார்கள். 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் சி. பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்தவர். 2017-இல் வர்ஜீனியாவில் ஒரு தொகுதியில் இரண்டு வேட்பாளர்களும் ஆளுக்கு 11,608 வாக்குகள். கடைசியில் ஒரு கிண்ணத்திலிருந்து பெயரைக் குலுக்கி எடுத்தார்கள். அந்தக் குலுக்கலில்தான் மாநிலக் கீழவையில் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மையா, இரண்டு கட்சிகளும் சரிசமமா என்பதே முடிவானது.

---

புதிய வாக்காளர்

அண்ணா, இந்த இரண்டு கதைகளும் எனக்குத் தெரியும். எல்லோரும் இந்த இரண்டைத்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் இப்படி நடப்பது அவ்வளவு அரிது. லாட்டரியில் வென்ற ஒருவரைக் காட்டி டிக்கெட் வாங்கச் சொல்வதுபோல் இருக்கிறது.

---

எண்கணக்கன்

தம்பி சொல்வது சரி. 1957-இலேயே அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆன்டனி டவுன்ஸ் இதை எடுத்து வைத்துவிட்டார். தன் லாபத்தை மட்டும் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு, வாக்குச்சாவடிக்குப் போய்வரும் நேரமே நஷ்டக் கணக்கில்தான் வரும். அப்படியும் கோடிக்கணக்கானோர் போகிறார்களே ஏன் என்பதுதான் அரசியல் அறிவியலை நெடுநாளாக அலைக்கழிக்கும் கேள்வி. கேள்வி கேட்ட மாணவனிடம் கோபப்பட்டது பெரிய தவறு. அவன் தொட்டது அந்தத் துறையின் நடுநரம்பை.

என் பதில் இது. ஒரு வாக்கு முடிவை மாற்றுவது அரிது. ஆனால் எந்த வயதினர், எந்தத் தெருவினர், எந்தத் தொழிலினர் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பது வேட்பாளர்களின் ஆட்களுக்குத் தெரியும். வராத கூட்டத்தின் குறையை முதலில் கேட்க யாருக்கும் அவசரம் இருக்காது. உங்கள் வாக்கு உங்கள் கூட்டத்தின் கனத்தில் ஒரு துளி. துளி என்பதை மறைக்க வேண்டாம், கனம் என்பதையும் மறைக்க வேண்டாம்.

---

புதிய வாக்காளர்

இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

---

தாழ்வாரம்

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பொறுமையாக எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு விஷயம்.

முதலாவது, ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்தை விட்டுவிட்டீர்கள். 1754, 1755 ஆண்டுகளில் தேர்தலைப் பற்றி நான்கு ஓவியங்கள் வரைந்தார், அச்சுப்படங்களாகவும் வந்தன. மூன்றாவது படம் வாக்குப்பதிவு. இரண்டு கட்சிக்காரர்களும் கிடைத்தவர்களையெல்லாம் இழுத்து வருகிறார்கள். சாகக் கிடக்கும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். போரில் கையை இழந்த ஒருவர், கைக்குப் பதில் பொருத்திய கொக்கியைப் புத்தகத்தின்மேல் வைத்து உறுதிமொழி எடுக்கிறார். அது செல்லுமா செல்லாதா என்று வழக்கறிஞர்கள் வாதாடுகிறார்கள். வாக்குப்பதிவு சதவீதம் என்று பார்த்தால் பிரமாதம்! எல்லோரும் வந்துவிட்டார்கள்.

பின்னணியைப் பாருங்கள். பிரிட்டானியா என்ற பெண் உருவம், அதாவது நாடு, ஒரு வண்டியில் உட்கார்ந்திருக்கிறது. வண்டி உடைந்து சாய்கிறது. ஓட்டவேண்டியவர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் எப்போதும் கடைசியில்தான் சுட்டிக்காட்டுவேன். அதுவரை ஒரு பிள்ளைகூடப் பார்த்திருக்காது. முன்னால் நடக்கும் அமளியில் கண் போயிருக்கும். வந்து வரிசையில் நின்றுவிட்டால் அக்கறை என்று எண்ணிவிடுகிறோமே, அந்த எண்ணத்தை இந்தப் படம்போல் கலைத்தது வேறெதுவும் இல்லை.

இரண்டாவது, ஒரு எச்சரிக்கை. 2012-இல் இந்திய நாடாளுமன்றமே ஒரு பாடப்புத்தகக் கருத்துப்படத்தால் முடங்கியது நினைவிருக்கும். சங்கர் 1949-இல் வரைந்தது. அரசமைப்புச் சட்டம் ஒரு நத்தை. அதன்மேல் அம்பேத்கர் சவுக்கோடு. பின்னால் நேருவும் சவுக்கோடு. அந்தச் சவுக்கு நத்தையை நோக்கியா, அம்பேத்கரை நோக்கியா? வேலை மெதுவாக நடக்கிறது என்ற கேலியாகச் சிலர் படித்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சவுக்கடி பட்ட மக்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று புத்தகத்தில் சேர்த்தவர்கள் முன்கூட்டியே கேட்டுப் பார்த்திருக்கலாம் என்பது என் கருத்து. படம் திரும்பப் பெறப்பட்டது, பாடப்புத்தக ஆலோசகர்கள் இருவர் பதவி விலகினார்கள். படத்தை விலக்கியதை நான் ஆதரிக்கவில்லை. வகுப்பில் இரண்டு வாசிப்பையும் பேசியிருக்க வேண்டும். ஆனால் ஒரே கோட்டை இரண்டு பெஞ்சில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாகப் படிப்பார்கள் என்பதை அன்றே கற்றுக்கொண்டேன். சுண்ணக்கட்டி அம்மாவின் வகுப்பில் நடந்ததும் அதுதான்.

---

வரலாற்றுப் பிரியை

தாழ்வாரம் ஐயா, ஹோகார்த்தை எப்படி மறந்தேன்! இன்னொரு கேள்வி கேட்க ஆசை. ஆர். கே. லட்சுமணின் பொதுமனிதன், 1951 முதல் பல பத்தாண்டுகள் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்தாரே, கட்டம்போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக்கண்ணாடி. அவர் வாயே திறந்ததில்லை. அவரை அக்கறையற்ற குடிமகன் என்று சொல்லலாமா? என் வகுப்பு இதில் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

---

கோட்டோவியன்

என்னைக் கேட்டால், இல்லை. அவர் எல்லா இடத்திலும் ஆஜர். அமைச்சர் அறையிலும் இருப்பார், வெள்ளம் வந்த ஊரிலும் இருப்பார். அக்கறை இல்லாதவர் ஏன் அங்கே வந்து நிற்க வேண்டும்? அவர் சாட்சி. பேசாதது வேறு, பார்க்காதது வேறு.

---

தாழ்வாரம்

நான் உடன்படவில்லை. பார்த்துக்கொண்டே இருந்து ஒன்றும் சொல்லாமல் போவதும் ஒரு வகை விலகல்தான். பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்தது நல்லது, அப்படியே இருக்கட்டும்.

---

நான்காவது வரிசை

இவ்வளவு பேச்சு எதற்கு? ஆஸ்திரேலியா 1924-இல் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கியது. 1922-இல் 60 சதவீதத்தை எட்டாத வாக்குப்பதிவு 1925-இல் 91-ஐத் தாண்டியது. பெல்ஜியம் 1893-லேயே செய்துவிட்டது. சட்டம் போட்டால் முடிந்தது.

---

மட்டுறுத்துநர்

கட்டாய வாக்களிப்பு பற்றி ஏற்கனவே தனி இழை இருக்கிறது. இங்கே வகுப்பறையோடு நிறுத்திக்கொள்வோம்.

---

சுண்ணக்கட்டி

இடையில் ஒரு நடைமுறைச் சந்தேகம். பிள்ளைகளையே வரையச் சொல்லலாம் என்று இருக்கிறேன். வரையத் தெரியாதவர்கள் பயப்படுகிறார்கள். மதிப்பெண் எப்படிப் போடுவது?

---

கோட்டோவியன்

கைத்திறனுக்கு மதிப்பெண் கூடவே கூடாது. குச்சி உருவம் போதும் என்று முதலிலேயே நீங்கள் ஒரு மோசமான குச்சி உருவத்தைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். குறியீடு, மிகைப்படுத்தல், ஒப்புமை, பெயர்ச்சீட்டு, முரண் என்று ஐந்து உத்திகள் உண்டு. அதில் ஏதாவது இரண்டையாவது பயன்படுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கடைசியாக ஒரு நிபந்தனை வையுங்கள். வரைவதற்கு முன் வாக்களிக்காத ஒருவரிடம் ஏன் என்று கேட்டுவிட்டு வரவேண்டும். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று யாரிடமும் கேட்கக் கூடாது.

---

வரலாற்றுப் பிரியை

கட்சிச் சின்னம், தலைவர்களின் முகம் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். இது இல்லாமல் செய்து நான் பட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை வரைந்த சின்னத்தை இன்னொரு பிள்ளையின் அப்பா பார்த்துவிட்டு நிர்வாகத்திடம் போனார். நிர்வாகம் விசாரிக்காமலே எல்லாப் படங்களையும் சுவரிலிருந்து கழற்றச் சொன்னது. கழற்றும்போது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் அதற்குமேல் அவர்களிடம் இந்தப் பாடத்தைப் பேச என்னால் முடியவில்லை.

---

சுண்ணக்கட்டி

பதினெட்டு நாட்கள் கழித்து வருகிறேன். மூன்று பீரியடாக நடத்தி முடித்தேன். நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

முதல் பீரியடில் என் சோஃபா படத்தை மறுபடி வரைந்தேன். "போன முறை இதை நான்தான் வரைந்தேன். இதில் நான் ஒன்றைத் தவறாகச் செய்துவிட்டேன், என்னவென்று கண்டுபிடியுங்கள்" என்றேன். ஆசிரியர் தவறு என்றதும் எல்லாக் கையும் மேலே போனது. "அவருக்கு வேலை இருக்கிறதா என்று படத்தில் இல்லை", "பெட்டி எவ்வளவு தூரம் என்று இல்லை", "டிவியில் என்ன ஓடுகிறது என்று இல்லை." கடைசிப் பதிலைச் சொன்ன பையன் பின்னால் மறுபடி வருவான்.

அப்புறம் 1867, 1876 ஜோடி. வரலாற்றுப் பிரியை அவர்களே, சட்டைப் பையிலிருந்த கருவிகளை ஒரு மாணவன் மூன்றாவது நிமிடத்திலேயே பார்த்துவிட்டான். அவன் அப்பா தச்சர். 7, 60 என்ற இரண்டு எண்களையும் எழுதிவிட்டு ஒதுங்கி நின்றேன். நீங்கள் சொன்ன அதே அமைதி.

இரண்டாவது பீரியடில் ட்வீட் படம், ஹோகார்த். "ஒரு வாக்கு எதை மாற்றும்" என்ற கேள்வி எதிர்பார்த்தபடி வந்தது. புதிய வாக்காளர் தம்பி, உங்கள் கணக்கையும் எண்கணக்கன் ஐயா சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன். கேட்டவன் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை. நின்றபடியே இன்னும் மூன்று கேள்வி கேட்டான்.

மூன்றாவது பீரியடில் அவர்கள் வரைந்துகொண்டு வந்தார்கள். நாற்பதில் முப்பத்தேழு வந்தது. வீடு மாறியதால் பெயர் பழைய முகவரியில் இருந்தவர்கள், படுக்கையில் இருக்கும் பாட்டியை விட்டு நகர முடியாதவர்கள், எல்லா வேட்பாளர்மேலும் வெறுப்பு வந்தவர்கள் என்று பலவிதம். டிவி பற்றிக் கேட்ட பையன் சோஃபாவையேதான் வரைந்திருந்தான். "எங்கள் அண்ணன் உண்மையிலேயே போகவில்லை மிஸ், படுத்துத்தான் இருந்தான். கேட்டதற்குச் சும்மாதான் என்றான்" என்றான். எல்லோருக்கும் ஒரு தடை இருந்தது என்று வகுப்பு முடிவுகட்டப் பார்த்த நேரத்தில் அந்தப் படம் வந்தது நல்லதாயிற்று. அதையும் சுவரில் மாட்டினேன்.

கடைசி பெஞ்ச் மாணவியின் படத்தைச் சொல்ல வேண்டும்.

தாள் முழுக்க முதுகுகள். வரிசையைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல், ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் முதுகுகள். மேல் மூலையில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும், பட்டாணி அளவில் வாக்குப்பெட்டி. கீழே, நமக்கு மிக அருகில், ஒரு கை. முகம் இல்லை. தோளில் மாட்டிய வேலைப் பையின் வார், மணிக்கட்டில் ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரம் மட்டும் தாளின் கால்வாசி. முட்களை அவள் அழித்து அழித்து வரைந்திருக்கிறாள், தாள் அங்கே தேய்ந்து மெலிந்துவிட்டது. அவள் அம்மா வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பியிருக்கிறார்.

கீழே ஒரே சொல்: "வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. "சோம்பேறி" என்று எழுதிய தாள்களில் தன்னுடையதைத் திருப்பித் தரமுடியுமா என்று இரண்டு பேர் வகுப்பு முடிந்ததும் வந்து கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.

---

எண்கணக்கன்

வரிசையின் நீளம் யாரை வீட்டுக்கு அனுப்புகிறது என்பதை நான் எப்போதும் அட்டவணையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

---

கோட்டோவியன்

வராததை எப்படி வரைவது என்று மேலே கேட்டிருந்தேன். இருபது ஆண்டுகளில் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படத்தை என்னிடம் படிக்கும் மாணவர்களுக்குக் காட்டலாமா?

---

சுண்ணக்கட்டி

அவளிடம் கேட்டேன். காட்டலாமாம். பெயர் போடக் கூடாது, "வந்தேன்" என்ற சொல்லை மாற்றக் கூடாது என்று இரண்டு நிபந்தனை. நகல் எடுத்து இன்று மாலை அனுப்புகிறேன்.